பேரப்பிள்ளைகளை ஏர் ரைபிள் சுடக் கூட்டிப்போவது எப்படி: முதல் நாளுக்கான முழு வழிகாட்டி

சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டுப் பழகிய பிள்ளைக்கு ரைபிள் ரேஞ்சில் முதல் அரைமணி நேரம் சலிப்புத் தட்டும். சுடவே விடமாட்டார்கள். அந்த அரைமணி நேரத்தை அவசரப்பட்டுத் தாண்டினால் மீதி நாள் முழுக்கத் திண்டாட்டம்தான்.

என் பேரப்பிள்ளைகள் மூவரையும் நான்தான் பழக்கினேன். கல்லூரியில் என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு .22 ரைபிள் (வெடிமருந்துத் தோட்டா போடும் ரைபிள்) சுட்ட அனுபவம் எனக்கு உண்டு. அது இதற்கு நான் நினைத்த அளவுக்கு உதவவில்லை. அதைவிட, ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சின் பின்பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக வரும் தாத்தா பாட்டிகளைப் பார்த்துக் கற்றதுதான் அதிகம். அவர்கள் தடுக்குவது பெரும்பாலும் வரிசையில். வீட்டில் செய்ய வேண்டியதை ரேஞ்சில் செய்கிறார்கள், கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு மட்டும். 4.5 மி.மீ. ஈய பெல்லட் (சின்ன ஈயக் குண்டு), காகித டார்கெட் (கார்டு என்று சொல்வதும் இதைத்தான்), பயிற்சியாளர் இருக்கும் ரேஞ்ச்.

1. முதலில் இரண்டு போன்

முதல் போன் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு. "சுட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம், ஆச்சரியப்படுவார்கள்" என்று பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பல இடங்களில் கேட்பார்கள். கையெழுத்து இல்லாமல் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும். கையெழுத்து ஒருபக்கம் இருக்கட்டும், மருமகளுக்கு விருப்பமில்லை என்றால் அந்தப் பேச்சு வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

இரண்டாவது போன் ரேஞ்சுக்கு. சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. தனியார் பயிற்சி மையங்களும் உண்டு. வயது வரம்பும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே நேரில் போய் நிற்காமல் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உறுப்பினர் அல்லாதவர்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள்? குறைந்தபட்ச வயது என்ன? ஒரு பிள்ளைக்கு ஒரு கோச் கிடைப்பாரா? தாங்கி வைத்துச் சுட மேசையும் மணல்மூட்டையும் உண்டா? இடதுகைப் பிள்ளைக்கு ஏற்ற ரைபிள் இருக்கிறதா? என்ன அடையாள அட்டை வேண்டும்?

மேசை இல்லை, நின்றுதான் சுட வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். காரணத்தை 6ஆம் பகுதியில் சொல்கிறேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டதும், "அப்படியானால் மாடியிலேயே சுடலாமே" என்று தொடங்குகிற தாத்தாக்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கூடாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகும் பெல்லட் யார் கண்ணில் படும் என்று யாருக்கும் தெரியாது. கொக்கு, புறா, அணில் பக்கம் திருப்பினால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

2. எந்தப் பிள்ளையை முதலில்

வயதைவிட, சொன்னதும் நிற்கிற பழக்கம் முக்கியம். நான் வைக்கும் சோதனை எளிது. பிள்ளை ஆசையாக ஏதோ விளையாடிக்கொண்டிருக்கும்போது "ஸ்டாப்" என்று ஒரே ஒரு தடவை சொல்வேன். கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தால் தயார். "இரு அப்பத்தா, இந்த ஒண்ணு மட்டும்" என்றால் இன்னும் ஆறு மாதம் போகட்டும். ரேஞ்சில் அந்த "இந்த ஒண்ணு மட்டும்" ஆபத்தானது. கார்டு மாற்ற யாராவது முன்னால் நடக்கும்போது அந்த ஒன்று குழலில் இருக்கும்.

சுடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கோச் தவிர ஒரு பெரியவர் வேண்டும். நான் ஒருமுறை இரண்டு பேரை ஒண்டியாகக் கூட்டிப்போனேன். மூத்தவளின் கன்னம் ரைபிளில் சரியாகப் படிகிறதா என்று குனிந்து பார்த்த நேரத்தில் சின்னவன் பக்கத்து லேன் (அடுத்தவர் சுடும் இடம்) வரை நடந்துவிட்டான். ரேஞ்ச் முழுவதும் நிறுத்தப்பட்டது. பத்துப் பேர் ரைபிளை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்தாறு வயதுக் குழந்தைகளை வேடிக்கை பார்க்கவும் கூட்டிப்போக வேண்டாம். தரையைத் தொட்ட விரலை வாயில் வைக்கிற வயது அது. ரேஞ்சின் தரையில் ஈயத்தூசி இருக்கும்.

3. வீட்டில் ஒரு வாரம்: வளையலும் பொட்டும்

ரேஞ்சில் கட்டணம் மணிக்கணக்கில் ஓடும். அங்கே விளக்கிக்கொண்டிருந்தால் பிள்ளையின் கவனம் சுற்றிலும் கேட்கும் சத்தத்தில்தான் இருக்கும். கீழே சொல்லும் மூன்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

எந்தக் கண் என்பது முதலில். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்னத் துளை விடச் சொல்லுங்கள். அதன் வழியே இரண்டு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கட்டும். அப்படியே ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் தெரிகிறதோ அதுதான் ஆளும் கண். வலதுகைப் பிள்ளைக்கு இடது கண் ஆளுவது அபூர்வமில்லை. அப்படி இருந்தால், இதுவரை சுட்டே பழகாத பிள்ளையை முதல் நாளிலிருந்தே இடது தோளில் வைத்துப் பழக்குவது சுலபம். ஆறு மாதம் கழித்து மாற்றுவதுதான் கஷ்டம்.

அடுத்தது குறிபார்ப்பது. பீப் சைட் உள்ள ரைபிளில் பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம் (இதுதான் முன்சைட்), தூரத்தில் கார்டின் கறுப்பு வட்டம். இதை வாயால் விளக்கி ஒரு பிள்ளைக்கும் புரிந்து நான் பார்த்ததில்லை. சுவரில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். சின்ன வளையல் ஒன்றைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பொட்டு வளையலுக்கு நடுவில் வர வேண்டும். சுற்றிலும் தெரியும் சுவரின் வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கேளுங்கள்: "வளையல் பளிச்சென்று தெரிகிறதா, பொட்டு பளிச்சென்று தெரிகிறதா?" எல்லாப் பிள்ளையும் பொட்டைத்தான் சொல்லும். தப்பு. வளையல் தெளிவாகவும் பொட்டு மங்கலாகவும் தெரிய வேண்டும். கண்ணால் இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன்சைட் இம்மி நகர்ந்தாலும் 10 மீட்டரில் அது பல மடங்காகிவிடும், அதனால் கண் அதன் மேல்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் தினம் ஐந்து நிமிடம் இந்த வளையல் விளையாட்டு போதும்.

மூன்றாவது விரல். வீட்டில் இருக்கும் பொம்மைத் துப்பாக்கி எதுவானாலும் இன்றிலிருந்து இரண்டு விதி: குழலை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது, சுடுகிற நொடி வரை விரல் டிரிகருக்கு வெளியே நீட்டி இருக்க வேண்டும். பொம்மைக்கு ஒரு விதி, நிஜத்துக்கு ஒரு விதி என்று பிள்ளையின் கை பிரித்துப் பார்க்காது. தண்ணீர்த் துப்பாக்கியால் தாத்தா முகத்தில் அடித்துவிட்டுப் போகும் பிள்ளை ரேஞ்சில் மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

4. பையில் என்ன, காரில் என்ன

தட்டையான அடியுள்ள ஷூ. செருப்பு வேண்டாம், நிற்கும்போது கால் ஆடும், பெல்லட் கீழே விழுந்தால் மிதிபடும். கழுத்து மூடிய சட்டை, முன்விளிம்புள்ள தொப்பி, கண் பாதுகாப்புக் கண்ணாடி (ரேஞ்சிலும் தருவார்கள், சின்ன முகத்துக்குப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும்). பெண்பிள்ளைக்கு முடியை இறுக்கிப் பின்னுங்கள். துப்பட்டாவும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். அதே கட்டடத்தில் .22 சுடுகிறார்கள் என்றால் காதுக்கு மூடி.

உட்கார்ந்து சுட ஒரு தலையணை, ஒரு சோப்பு, மாற்றுச் சட்டை ஒன்று, தேதி எழுத ஒரு பேனா.

சாப்பாட்டை மட்டும் காரிலேயே விட்டுவிடுங்கள். முறுக்குப் பொட்டலத்தோடு லேனுக்கு வரும் பாட்டிகளில் நானும் ஒருத்தியாக இருந்தேன். பெல்லட் ஈயம். அதைத் தொட்ட விரலால் முறுக்கை எடுத்தால் நேரே வயிற்றுக்குத்தான்.

5. உள்ளே போனதும் இருபது நிமிடம்: பார்ப்பது மட்டும்

பின்பெஞ்சில் உட்காருங்கள். கட்டளைகளைப் பிள்ளையே உங்களுக்கு விளக்கட்டும். "லோட்" என்றால் பெல்லட் போடலாம், "ஸ்டார்ட்" என்றால் சுடலாம், "ஸ்டாப்" என்றால் அந்த நொடியிலேயே நிற்க வேண்டும், "அன்லோட்" என்றால் குழலைக் காலி செய்ய வேண்டும். ரைபிள்களின் குழலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு நுழைந்திருப்பதைக் காட்டுங்கள். குழலில் பெல்லட் இல்லை என்பதற்கான அடையாளம் அது.

இதற்கு இருபது நிமிடம் எதற்கு என்றால், பிள்ளை ஒரு முழுச் சுற்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் தன் முறை வரும்போது யாரும் அதட்ட வேண்டியிருக்காது.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் பிள்ளைக்குப் பின்னால், ஒரு அடி தள்ளி, சுடுகிற கைப்பக்கம். முன்னால் ஒருபோதும் இல்லை.

இங்கேதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு நடக்கிறது. தாத்தா பின்னாலிருந்து போனைத் தூக்கிப் பிடித்து "கண்ணு, இங்கே பாரு" என்று கூப்பிடுவார். பிள்ளை ரைபிளோடு சேர்ந்து திரும்பும். குழல் லேன் முழுவதையும் ஒரு அரைவட்டம் அடித்து தாத்தாவின் நெஞ்சில் வந்து நிற்கும். ரைபிள் கையில் இருக்கும்போது பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. படம் வேண்டுமானால் பின்னாலிருந்து முதுகை எடுங்கள். முகம் வேண்டுமானால் கடைசியில் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எடுக்கலாம்.

6. உட்கார்ந்து, தாங்கி வைத்து

போட்டியில் ஏர் ரைபிளை நின்றுதான் சுடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும் நிற்க ஆசைப்படும். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். கிளப்பில் தரும் சாதாரண ரைபிளே 3 கிலோவை ஒட்டி வரும். பத்து வயதுப் பிள்ளை அதை நின்றபடி தூக்கினால் இரண்டாவது நிமிடத்தில் தோள் நடுங்கும். அப்போது தவறியது குறியாலா, டிரிகராலா, தோள்வலியாலா என்று உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. மேசையில் தாங்கி வைத்தால் எடை என்ற பிரச்சினை கழன்றுவிடும்.

மணல்மூட்டையில் படிய வேண்டியது குழலுக்குக் கீழே இருக்கும் ரைபிளின் முன்கட்டை. குழலை அதன் மேல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் பெல்லட் வேறு இடத்துக்குப் போகும்.

உயரத்தைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுங்கள், ரைபிளுக்கு ஏற்றபடி பிள்ளையை வளைக்காதீர்கள். கழுத்து நீண்டு தலை முன்னால் போனால் நாற்காலி தாழ்வு. தலையணை இதற்குத்தான். ரைபிளின் பின்முனை தோள் குழியில் உட்கார வேண்டும், கன்னம் கட்டையில் கனமாகப் படிய வேண்டும். பிறகு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். வளையம் கறுப்பை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது, நாற்காலியை நகர்த்த வேண்டும். கையால் இழுத்தால் சுடும் நொடியில் தசை தளர்ந்து ரைபிள் பழைய இடத்துக்கே போய்விடும்.

மூடும் கண்ணைப் பற்றி: ஒரு கண்ணை இறுக்கி மூடினால் திறந்த கண்ணும் சேர்ந்து களைக்கும். இரண்டையும் திறந்துவைத்து, குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் தொப்பியிலிருந்து ஒரு சின்ன வெள்ளைத் தாளைத் தொங்கவிடுங்கள்.

7. ஒரே ஒரு பெல்லட்டுக்கான வரிசை

இதை அவசரப்படாமல் படியுங்கள். முதல் பத்து பெல்லட்டுக்கும் நீங்கள் ஒவ்வொரு படியையும் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

லோட் செய்வது பெரியவர் வேலை. குழலை மடக்கும் வகை ரைபிள் என்றால் இன்னும் கண்டிப்பாக. மடக்கிய குழலைக் கையால் பிடித்துக்கொண்டே பெல்லட் போட வேண்டும். விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் குழல் பட்டென்று மேலே அடிக்கும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். இந்த வகை ரைபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருக்கும் பிஸ்டன் அடிபடும். காற்று உருளை பொருத்திய ரைபிளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்த உருளையில் 200 பார் வரை அழுத்தம் இருக்கும். காற்று நிரப்பும் இடத்துக்குப் பிள்ளைகள் போக வேண்டாம்.

பெல்லட்டின் தட்டைத் தலை முன்னால், குழிந்த பாவாடைப் பக்கம் பின்னால். திருப்பிப் போட்டாலும் உள்ளே போய்விடும் என்பதால் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கார்டில் ஒன்று மட்டும் காரணமில்லாமல் எங்கோ போயிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இனி பிள்ளையின் வேலை. கன்னம் படிகிறது. விரல் இன்னும் வெளியே. ஒரு முழு மூச்சு இழுத்து, பாதி விட்டு, நிறுத்துகிறது. வளையம் தெளிவு, பொட்டு மங்கல், சுற்றிலும் வெள்ளை சமம். இப்போதுதான் விரல் டிரிகருக்குள் போகிறது. விரலின் நுனிச்சதை மட்டும் பட வேண்டும், மடிப்பு படக் கூடாது. மெல்ல, பிதுக்குவது போல அழுத்த வேண்டும். எந்த நொடியில் சுடும் என்று பிள்ளைக்கே தெரியாமல் இருந்தால் அழுத்தம் சரி. "இப்போ!" என்று முடிவுசெய்து வெடுக்கென்று இழுத்தால் ரைபிள் ஆடிவிடும். பலூன் கடையில் வந்த பழக்கம் இது, போக நாளாகும்.

மூச்சை நிறுத்தி எட்டு நொடிக்குள் சுடவில்லை என்றால் விரலை வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் கண் மங்கத் தொடங்கும், பிள்ளை "சுட்டுத் தொலைப்போம்" என்ற நிலைக்கு வந்துவிடும். சுடாமல் திரும்பத் தொடங்குவதற்கு நான் ஒரு சபாஷ் சொல்வேன். பத்துப் புள்ளி விழுந்தால் சொல்ல மாட்டேன்.

சுட்ட பிறகும் தலையைத் தூக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை அப்படியே இருக்க வேண்டும். எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கும் அவசரம் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது.

சுடவில்லை, அடைத்துக்கொண்டது என்றால் குழல் கார்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். மற்றக் கையைத் தூக்கினால் கோச் வருவார். ரைபிளைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. இதை வீட்டிலும் ஒரு தடவை ஒத்திகை பாருங்கள்.

8. எந்தக் கார்டு, எப்படி வாசிப்பது

ரைபிள் கார்டின் மிகப் பெரிய வளையமே 45.5 மி.மீ.தான். கறுப்பு 30.5 மி.மீ., அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. நடுவில் இருக்கும் 10 வெறும் 0.5 மி.மீ. புள்ளி, கடுகைவிடச் சிறியது. முதல் நாள் பிள்ளைக்கு இது மனதைக் கலக்கும்.

முதல் பத்து பெல்லட்டுக்குக் கார்டைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மாட்டுவேன். மதிப்பெண் இல்லை, நடுவில் வந்தால் போதும். துளையும் வளையமும் இல்லாத ஓபன் சைட் ரைபிள் என்றால் பிஸ்டல் கார்டையும் மாட்டலாம், அதன் கறுப்பு 59.5 மி.மீ. வளைய சைட்டுக்கு அது சரிவராது. கறுப்பு வளையத்தையே நிரப்பிவிடும், சுற்றிலும் வெள்ளை தெரியாது.

ஐந்து பெல்லட்டுக்கு ஒரு தடவைதான் கார்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பார்த்தால் அடுத்ததில் பிள்ளை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் குறிவைக்கும். ஐந்து துளையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்கு அடியில் மறைந்தால், அது கார்டின் எந்த மூலையில் இருந்தாலும் நல்ல சுடுதல். மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவது சைட்டின் திருகு வேலை, கோச் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்.

துளைகள் மேலும் கீழுமாக வரிசையாக இருந்தால் மூச்சை நிறுத்தவில்லை. இரண்டு கொத்தாகப் பிரிந்திருந்தால் நடுவில் கன்னமோ தோளோ இடம் மாறியிருக்கிறது. எங்கெங்கோ சிதறியிருந்தால் கண் பொட்டுக்குப் போய்விட்டது, வளையலை ஞாபகப்படுத்துங்கள். மூன்றில் எது என்று பிள்ளையையே சொல்லவைத்தால் இன்னும் நல்லது.

அண்ணன் தங்கை இருவர் சுட்டால் கார்டுகளை அருகருகே வைக்காதீர்கள். வைத்தால் வீடு போய்ச் சேரும்வரை சண்டை.

9. முப்பதோடு நிறுத்துவது

முதல் நாள் 30 பெல்லட், அல்லது 40 நிமிடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு கார்டு முன்னதைவிட மோசமாக இருந்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். களைத்த பிள்ளை விரலை மறக்கும். நல்ல கார்டு ஒன்றில் தேதி எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

உங்களுக்கும் சுட ஆசை இருக்கும். சுடுங்கள், பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு. இரண்டு பவர் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு முன்சைட் தெளிவாகத் தெரிய மாட்டேன் என்கும். தலையைத் தூக்கிக் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். எனக்கு ஒரே பவரில் தனிக்கண்ணாடி போட்ட பிறகுதான் சரியானது.

"எனக்கே ஒண்ணு வாங்கிக் கொடு" என்ற கேள்வி காரில் ஏறுவதற்குள் வந்துவிடும். நாலைந்து தடவை கிளப் ரைபிளில் சுடட்டும். வளரும் பிள்ளைக்கு ரைபிளின் நீளம் ஒரே வருடத்தில் போதாமல் போகும். வீட்டில் ரைபிள் வந்தால் அதைப் பூட்டிவைப்பது யார், சாவி எங்கே என்பதற்கும் பதில் வேண்டும்.

10. காருக்குப் போகும் முன்

சோப்புப் போட்டு முழங்கை வரை, நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவ வேண்டும். துடைத்துக்கொள்ளும் திரவம் போதாது. அது கிருமியைக் கொல்லுமே தவிர ஈயத்தை எடுக்காது. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முகத்தையும் கழுவுங்கள், கன்னம் கட்டையில் படிந்திருந்தது. சட்டையை மாற்றிப் பழையதைத் தனிப் பையில் போடுங்கள். சட்டைப்பையில் ஒரு பெல்லட்டை ஒளித்து எடுத்துவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என் மூன்று பேரில் இரண்டு பேர் எடுத்து வந்தார்கள்.

நீங்களும் கழுவிவிட்டீர்கள் என்றால் புளியோதரையைத் திறக்கலாம்.